அஸ்லிப் பை

அந்த மழைக்காலத்தில் என் காலைகள் ஒரே மாதிரி இருந்தன. எழுந்ததும் பூட்ஸைத் தலைகீழாகத் தட்டுவேன். சில நாள் பூரான் விழும், சில நாள் விழாது. பால் பவுடரைக் கரைத்து டீ போட்டுக் குடிப்பேன். பிறகு அமுதத்தின் கைப்பையை ஆணியிலிருந்து எடுத்து, ஜன்னலோரம் நின்று உலர்ந்த துணியால் துடைப்பேன். முதலில் மூடி, பிறகு பக்கங்கள், கடைசியில் பித்தளைப் பூட்டு. அவள் அப்படித்தான் துடைப்பாள். ஜன்னலோரம் நின்றுதான் துடைப்பாள். அதற்குள் மில் சங்கு ஊதிவிடும். வேலைக்குப் போய்விடுவேன்.

அமுதம் என் மனைவி. ஆடி மாதம் காய்ச்சலில் இறந்துபோனாள். அந்தமானில் எங்கள் லாங் ஐலண்டிலிருந்து போர்ட் பிளேருக்குக் கொண்டுபோகும் வழியில், போட்டிலேயே.

நான் மர டிப்போவில் வேலை பார்த்தேன். காட்டிலிருந்து வரும் மரத்தைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, என்ன தரம் என்று சுத்தியலால் முத்திரை அடிக்க வேண்டும். பாளையங்கோட்டையில் தாவரவியல் படித்ததன் பலன் அது. மரம் தவிர வேறெதையும் பார்த்துத் தரம் சொல்ல எனக்குத் தெரியாது.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்பது தீவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. படகுத்துறை ஜெட்டியில் டீக்கடை வைத்திருந்த ஜேசுதாசன், அவள் 'சேசு மரி சூசை' என்று சொல்லி உயிரை விட்டதாகச் சொன்னார். அவர் போட்டில் வரவில்லை. எதிர்வீட்டு மங்கையர்க்கரசி, 'அக்கா, அவரைப் பாத்துக்குங்க' என்பதுதான் கடைசி வார்த்தை என்றாள். அவளும் போட்டில் வரவில்லை. ஆனாலும் அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டு வாரம் தவறாமல் எனக்குச் சாம்பார் கொடுத்தனுப்பினாள். நான் யாரையும் திருத்தவில்லை.

மங்கையர்க்கரசியிடமும் அதே போன்ற பை ஒன்று இருந்தது. முந்தைய கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் எஞ்சின் பழுதாகி போர்ட் பிளேரில் நின்றது. மாலுமிகள் கையில் இருந்ததையெல்லாம் விற்றார்கள். மங்கையர்க்கரசி ஒரு பை வாங்கினாள். அடுத்த நாள் அதே மாலுமியிடம் அமுதம் ஒரு பை வாங்கினாள். கருஞ்சிவப்பு. பூட்டில் ஒரு நீளமான பெயரும் கீழே 'பாரிஸ்' என்பதும் இருந்தன. அந்தப் பெயரை ஆளுக்கொரு விதமாகப் படித்தார்கள்.

"பாரிஸ்ல ராணிங்க வெச்சுக்கிற பையாம்" என்றாள் மங்கையர்க்கரசி.

"பாரிஸ்ல ராணி ஏதுங்க? அவ தலையத்தான் எப்பவோ வெட்டிட்டானே" என்றார் ஜேசுதாசன்.

"தலைதான போச்சு? கையி இருந்துச்சுல்ல?"

ஒரே மாதிரி இரண்டு பை இருந்ததால் ஒன்று அஸ்லி, ஒன்று நக்லி என்று தீவு முடிவு செய்தது. எந்த மொழிக்காரனும் இங்கே அசலை அஸ்லி என்றும் போலியை நக்லி என்றும்தான் சொல்வான். எது எது என்பதை மழை சொல்லிவிடும் என்று காத்திருந்தார்கள். இங்கே மழைக்காலத்தில் தோல் பூக்கும். செருப்பு பூக்கும், பெல்ட் பூக்கும், மாதம் ஒருமுறை வரும் சாமியாரின் பூசைப் புத்தகத்து அட்டை பூக்கும். பச்சையும் வெள்ளையுமாய் பூஞ்சை. தினமும் துடைத்தால்தான் தோல் தோலாக இருக்கும். தோல் மாதிரி செய்த ரெக்சின் பூக்காது. துடைக்க வேண்டியதும் இல்லை.

மழை வைகாசியில் பிடித்தது. அமுதம் தினமும் காலையில் ஜன்னலோரம் நின்று பையைத் துடைத்தாள். எதிர் ஜன்னலில் மங்கையர்க்கரசி நின்று பார்த்தாள். அவள் பை பூக்கவில்லை. பீரோவுக்குள் வைத்துப் பார்த்தாள். பீரோ பூத்தது, பை பூக்கவில்லை.

புரட்டாசியில் ஃபெர்ரிக்காரர்கள் ஒரு செய்தி கொண்டுவந்தார்கள். அந்தக் கப்பலிலிருந்து தீர்வை கட்டாமல் வாங்கிய சாமான்களைப் பறிமுதல் செய்ய ஓர் அதிகாரி தீவு தீவாக வருகிறார். அஸ்லி வெளிநாட்டுச் சாமானைத்தான் எடுத்துப்போவார். நக்லியைத் தொடமாட்டார்.

தீவில் இருந்த வெளிநாட்டுச் சாமான் எல்லாம் ஒரே நாளில் நக்லி ஆகிவிட்டது. ரேடியோ வைத்திருந்தவர்கள் அதை மண்ணில் புதைத்தார்கள். மங்கையர்க்கரசியின் கணவர், காண்டிராக்டர் சொக்கலிங்கம், தன்னிடமிருந்த விஸ்கியைக் குடித்தே மறைத்தார். மங்கையர்க்கரசி மட்டும் பையை முற்றத்தில் முக்காலி மேல் வைத்து, அதன்மேல் பழைய கஞ்சியைத் தடவினாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவர் இல்லை, வெறும் தெருதான். எல்லாம் கேட்டது.

"ஊரே நக்லின்னு சொல்லித் தப்பிக்கிறான். நீ ஏன்டி அஸ்லின்னு மல்லுக்கட்டுற?"

"புடிச்சிட்டுப் போகட்டுமே. ரசீது குடுப்பாகல்ல? அதக் கண்ணாடி போட்டு மாட்டுறேன்."

"பை போயிருமேடி!"

"போனா அஸ்லின்னு ஆயிருமுல்ல!"

பை பூத்தது. நன்றாகவே பூத்தது.

என் பையை நான் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அது ஆணியில் இருந்தது. அதற்குள் அவள் சீப்பு, பவுடர் டப்பா, இரண்டு ஊக்கு, ஒரு ஃபெர்ரி டிக்கெட் எல்லாம் இருந்தன. அவளுடைய சேலைகளை அவள் அம்மா எடுத்துப் போய்விட்டாள். வீட்டில் அவளுடையது என்று மிச்சம் இருந்தது அந்தப் பைதான். அதை இழக்க எனக்கு விருப்பமில்லை.

அதிகாரி பெயர் இராமகிருஷ்ணன். மெட்ராஸ்காரர். போட்டிலிருந்து இறங்கியதும் ஜெட்டித் தூணைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். முகம் மஞ்சளாக இருந்தது. திரும்பும் ஃபெர்ரிக்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்றார். ஜேசுதாசன் டீக்கடை பெஞ்சைத் துடைத்துக் கொடுத்தார். இரண்டு பையும் அதன்மேல் வந்தன. ஊரும் வந்தது.

"இந்தத் தீவுல தோல் தெரிஞ்சவங்க யாராவது உண்டா?" என்று இராமகிருஷ்ணன் கேட்டார்.

"இருக்கேன் சார்" என்றார் ஜேசுதாசன். "ரங்கூன்ல வெள்ளக்காரன் கடையில லெதர் செக்‌ஷன்."

"அங்க என்ன வேலை?"

"செக்‌ஷன்லதான் சார் வேலை."

ஜேசுதாசன் மங்கையர்க்கரசியின் பையைக் காதில் வைத்துக் கேட்டார். பூட்டைத் திறந்து உள்ளே ஊதினார். பூஞ்சை இல்லாத ஓர் இடத்தில் நாக்கை வைத்தார்.

"உப்புக் கரிக்குது. தோல்னா உப்பு இருக்கும்."

"கடல் பக்கத்துல எதை நக்கினாலும் உப்புதான்யா இருக்கும்" என்றார் இராமகிருஷ்ணன். "கொஞ்சம் கொளுத்திப் பாத்தா தெரிஞ்சிடும். தோல்னா முடி கருகுற வாசனை வரும்."

"எம்மேல வையிங்க நெருப்ப!" என்று மங்கையர்க்கரசி குறுக்கே வந்து நின்றாள். "ரசீதுல கருகுன பைன்னா எழுதுவீக?"

"அப்ப நாய்தான் சார்" என்றார் ஜேசுதாசன். "ரங்கூன்ல சந்தேகம் வந்தா நாயத்தான் கூப்புடுவோம். தோல்னா தூங்குற நாயும் எந்திரிக்கும். ரெக்சின்னா எந்திரிக்காது."

ஜெட்டி நாய் பெஞ்சுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. மங்கையர்க்கரசியின் பையை அதன் மூக்கருகே வைத்தார்கள். எல்லோரும் குனிந்து பார்த்தோம். நாய் கண்ணைத் திறந்தது. எழுந்தது.

"பாத்தீகளா! பாத்தீகளா!" என்றாள் மங்கையர்க்கரசி. "எழுதுங்க சார், அஸ்லின்னு!"

நாய் பையை நக்கத் தொடங்கியது. நிதானமாக, ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனது. பச்சை போனது, வெள்ளை போனது. அடியில் பை புது மெருகோடு பளபளத்தது. ஓரத்தில் தையல் பிரிந்த இடத்தில் ரெக்சினுக்கு அடியில் ஒட்டும் துணியின் இழைகள் தெரிந்தன.



"கஞ்சி குடிக்குது சார்" என்றார் ஜேசுதாசன்.

சிரிப்பு ஜெட்டியின் மறுமுனை வரை போனது. சொக்கலிங்கம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மங்கையர்க்கரசி பையை நாயிடமிருந்து பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இது நக்லி. நீங்களே வெச்சுக்குங்கம்மா" என்றார் இராமகிருஷ்ணன்.

"எனக்கு வேணாம். நீங்க எடுத்துட்டுப் போங்க."

"நக்லிய எடுத்துட்டுப் போக எனக்கு அதிகாரம் இல்லம்மா."

அடுத்து என் பை. நாய் அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"நாய் எந்திரிக்கல. பூஞ்சையும் இல்ல" என்றார் இராமகிருஷ்ணன். அவருக்கு நிம்மதி. "இதுவும் நக்லி. வேலை முடிஞ்சது."

"அதெப்பிடி சார்?" என்றார் ஜேசுதாசன். "நாய்க்கு இப்பத்தான வயிறு நெறஞ்சுது, அது சாட்சி செல்லாது. பூஞ்சை ஏன் இல்லன்னு கேளுங்க. தெனம் தொடைக்கிறான் சார். அந்தப் புள்ள இருந்தப்ப அது தொடைச்சுது, இப்ப இவன் தொடைக்கான். ஊரே பாத்திருக்கு. ரெக்சினப் போயி எவனாவது தெனம் தொடைப்பானா?"

ஊர் ஆமாம் என்றது. பூத்த பை நக்லி, பூக்காத பை அஸ்லி என்று எல்லோருக்கும் சரியாகப் புரிந்துவிட்டது.

இராமகிருஷ்ணன் என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். போர்ட் பிளேரில் யாரோ அவரிடம் அமுதத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். மங்கையர்க்கரசியும் கூடவே வந்து பக்கத்தில் நின்றாள். போகச் சொன்னால் போகிறவள் இல்லை.

"செபஸ்தியான் சார், நீங்க படிச்சவர். மரத்தைத் தட்டிப் பாத்தே தரம் சொல்றவராமே. உங்க வாயால இது நக்லின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுக்கு மேல நான் பாக்கமாட்டேன். பையை எடுத்துட்டு வீட்டுக்குப் போங்க."

விடை எனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் பை ஆணிக்குத் திரும்பிவிடும். நாளைக் காலையில் அதைத் துடைக்கலாம். மங்கையர்க்கரசி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்த பை நாய் எச்சிலில் மின்னியது.

"அஸ்லி" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க சார்."

"அஸ்லிதான் சார்."

அவர் பெருமூச்சு விட்டு ரசீது எழுதினார். உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்றார். சீப்பு, பவுடர் டப்பா, ஊக்குகள், டிக்கெட் எல்லாவற்றையும் எடுத்தேன். வைக்க இடமில்லை. ஜேசுதாசன் பன்னுக்குச் சுற்றும் தாள் ஒன்றைக் கொடுத்தார். பை ஒரு சாக்குக்குள் போனது. சாக்கு ஃபெர்ரிக்குள் போனது. இராமகிருஷ்ணன் ஏறும்போதே கண்ணை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் மங்கையர்க்கரசி தானே சாம்பார் கொண்டுவந்தாள். கண் வீங்கியிருந்தது. வெறும் ஆணியைப் பார்த்தாள்.

"தம்பி, ஒண்ணு சொல்லட்டா? அவ எனக்குக் காட்டத்தான் சும்மா நின்னு தொடைக்கிறான்னு நெனச்சேன். உள்ளுக்குள்ள அப்பிடித்தான் நெனச்சேன். பாவி நான். அஸ்லியத்தான் தொடைச்சிருக்கா."

"சாம்பார் நல்லாருக்கு அக்கா."

"இன்னும் தொடவே இல்ல. அதுக்குள்ள நல்லாருக்குங்கிறீக." பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினாள். "போட்ல போறப்ப என்னப் பத்தி எதாச்சும் சொன்னாளா?"

"இல்லக்கா."

அவள் போனபிறகு ரசீதை ஆணியில் குத்தினேன். சீப்பைத் தாளோடு ஜன்னல் கட்டையில் வைத்தேன்.

போட்டில் அவள் சேசுவைக் கூப்பிடவில்லை. என்னைப் பார்த்துக்கொள்ளும்படி யாரிடமும் சொல்லவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. பை நனையாமல் இருக்க அதை என் சட்டைக்குள் வைத்திருந்தேன். அவள் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள். பக்கத்தில் வரச் சொல்லி விரலை அசைத்தாள். எஞ்சின் சத்தத்தில் கேட்காது என்று காதை அவள் வாயருகே கொண்டுபோனேன்.

"அது ரெக்சின்தான். மங்கையக்காட்ட சொல்லிராதிய."