திரும்பி வந்த கண்

பக்கத்து சீட்டில் யாரென்று பார்க்கக் கண்ணைத் திருப்பியதுதான் தாமதம், வலது கண்ணுக்குப் பின்னால் சுருக்கென்றது. சுகப்பிரியாவுக்கு அந்த வலியைத் தெரியும். நன்றாகவே தெரியும்.

கம்பெனி பஸ் சுங்குவார்சத்திரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வெளியே பார்த்தாள். டீக்கடை இருந்தது, டீ ஆற்றுகிறவர் முகம் இல்லை. அந்த இடத்தில் சாம்பல் புகை.

இந்த வருடம், 2015 தை மாதத்தில், இதே வலியோடுதான் அந்தக் கண் முழுசாக இருண்டது. ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கை ஸ்ரீமதி. ஸ்ரீபெரும்புதூர்க்காரி, கார் கம்பெனி கேன்டீனில் வேலை. அவளுக்கும் ஒரு கண்ணில் அதே வலி, அதே இருட்டு, அதே ஸ்டீராய்டு டிரிப். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி என்றுதான் வார்டே நினைத்தது. சுகப்பிரியாவுக்குக் கண் திரும்பியது. ஸ்ரீமதிக்கு, முகத்துக்கு நேரே நீட்டிய விரலை எண்ணுவதோடு சரி.

ரத்த ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் வனமாமலை விளக்கினார். இருவர் உடம்பிலும் தன் ஆளையே எதிரியென்று அடிக்கும் எதிர்ப்பொருள். ஸ்ரீமதிக்கு அக்வாபோரின் வகை. சுகப்பிரியாவுக்கு மாக் வகை.

"நீ ஒயர் கட்டுற கம்பெனிதானேம்மா? ஒயருக்கு இருக்கிற மாதிரி பார்வை நரம்புக்கும் மேலுறை உண்டு, உனக்கு அதைத்தான் அடிக்குது. உறை திரும்ப வளரும். அவங்களுக்கு நரம்பைத் தாங்குற செல்லையே அடிக்குது, நரம்பும் சேர்ந்து போயிடுது. உன்னோடது மருந்துக்குச் சீக்கிரம் கேக்கும். ஆனா மாத்திரையப் பொசுக்குனு நிறுத்தினா மறுபடி வரும். கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

முன்பாதி காதில் ஏறியது. பின்பாதி ஏறவில்லை. மாத்திரையால் முகம் ஊதிப்போனது. "இன்னாம்மா, மூஞ்சியும் ஓவர்டைம் பாக்குதா?" என்றான் லைன் லீடர் கோதண்டம். நமக்குத்தான் நல்ல வகையாயிற்றே என்று போன வாரம் மாத்திரையைத் தூக்கி எறிந்தாள்.

இப்போது டாக்டரைப் போனில் கூப்பிட வெட்கம். ஸ்ரீமதியைக் கூப்பிட்டாள்.

"யக்கா, திரும்ப வலிக்குக்கா. மங்கலாவும் இருக்கு."

"மாத்திர துண்றியா?"

"மூஞ்சி ஊதுதுன்னு போன வாரம் தூக்கிப் போட்டுட்டேங்க்கா."

"அடிப்பாவி! எனக்கு ஒண்ணு போச்சு. மிச்சம் ஒண்ணையாச்சும் காப்பாத்தணும்னு வருசக்கணக்கா மாத்திர துண்ணணுமாம், துண்ணுகினு கீறேன். நீ வந்த கண்ணக் கொண்டாந்து குப்பைல போட்டியா?"

"ஷிப்ட் முடிஞ்சு சாயங்காலமாப் போறேங்க்கா. லீவு போட்டா ஏசுவாங்க."

"சாயங்காலம் வரிக்கும் கண்ணு உனக்காகக் காத்துகினு இருக்கும்னு யார்டி சொன்னா? ஸ்ரீபெரும்புதூர்ல எறங்கு. நான் வரேன்."

இறங்கினாள். பஸ் அவளை விட்டுவிட்டு ஒரகடம் பக்கம் திரும்பியது. புடவையில் சாம்பார் வாசனையோடு ஸ்ரீமதி ஓடி வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இந்தத் தடவையும் வரும்னு நம்பறேன். ஆனா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பார்வையைப் பிடிச்சு வெச்சுக்கிட்டுத்தான் விடும். முழுசா வரும்னு என்னால சொல்ல முடியாதும்மா."

மறுபடி டிரிப். முதலில் மின்விசிறியின் இறக்கைகள் தெரிந்தன. அப்புறம் நர்ஸின் சிரிப்பு. அப்புறம் எதிர்ச் சுவர்க் காலண்டரின் பெரிய எழுத்து. டிஸ்சார்ஜ் அன்று எழுத்துப் பலகை முன் நிறுத்தினார்கள். மேலிருந்து மளமளவென்று வாசித்துக்கொண்டு வந்தவள் கடைசி வரியில் நின்றுவிட்டாள். போன முறை அதையும் வாசித்திருந்தாள். இப்போது அங்கே எறும்புதான் ஊர்ந்தது. கண்ணீர் முட்டியது.

ஸ்ரீமதி தன் நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னாடி போர்டு? எங்க கீது போர்டு?"

நர்ஸ் சிரித்துவிட்டாள்.

"கடசி வரிக்கு அழுவுறா பாரு, மவராசி!" என்றாள் ஸ்ரீமதி.

அழுகைக்கு நடுவே சுகப்பிரியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"எப்போ நிறுத்தலாம்னு கேக்க மாட்டேன் சார். எப்படிக் குறைக்கணும்னு இன்னொரு தடவ சொல்லுங்க. அக்காவும் கேக்கட்டும்."