பன்னிரண்டு மணிக்கு ஓர் எட்டு

நாற்பத்தேழாவது வயதில் என் அக்கா மோட்டார் சைக்கிள் கற்றுக்கொள்ள வேண்டி வந்தது. அவள் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மெழுகில் ஈறு வார்த்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, கோணல் இருந்தால் பிடுங்கி மறுபடி நடுகிற வேலை. பதினெட்டு வருடங்கள் பேருந்தில் போய் வந்தாள். போன வருடம் முதலாளி கூடத்தை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார். கடைசி நிறுத்தத்தில் இறங்கி நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டும். கூடத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் சும்மா நிற்கிறது, லைசென்ஸ் வாங்கிவிட்டால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அக்கா பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். பள்ளி என்றால் ஒரு மேஜை, நான்கு ஹெல்மெட், ஒரு மாஸ்டர். மைதானம் கிடையாது. பக்கத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதைச் சுற்றிச் சிமெண்ட் பாதை. தொட்டி எப்போதும் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது மாஸ்டரின் ஒரே விதி. எதிரும் புதிருமாக ஓட்டினால் முட்டிக்கொள்வார்கள் என்பதால் எல்லாரும் அப்படியே சுற்றினார்கள். அக்கா நாற்பது நாள் சுற்றினாள். முடியும்போது அவளுக்கு வண்டி அவ்வளவு அழகாக வந்தது. வேகம் குறையாமல் கியர் மாற்றினாள், ஒற்றைக் கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

முதல் முறை என் வண்டியை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போனபோது நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மூன்று தெரு தாண்டி, வீட்டுக்குப் போகிற வலது திருப்பத்தில் வண்டியை நிறுத்திவிட்டாள்.

"திரும்ப மாட்டேங்குதுடா" என்றாள்.

"எது, ஹேண்டில்பாரா?"

"இல்ல. நான்தான்."

இறங்கிப் பார்த்தேன். ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் வழுவழுவென்று திரும்பியது. அவளை உட்கார வைத்து வலது பக்கம் திருப்பச் சொன்னேன். தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் ஒத்துழைத்தன. வண்டி நகர ஆரம்பித்ததும் அப்படியே நேராகப் போய் ஒரு மதில் முன்னால் நின்றது. கடைசியில் ஒரு இடது, இன்னொரு இடது, மூன்றாவதாக ஒரு இடது என்று சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

அது நடையிலும் தொற்றிக்கொண்டது. படுக்கையறைக்கு வலது பக்கம் குளியலறை. அக்கா வீட்டின் முன்கூடத்துக்குப் போய், சாப்பாட்டு மேஜையைச் சுற்றி, சமையலறை வழியாக அங்கே போனாள். அத்தான் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வாழ்க்கை முழுக்க மேலே, கீழே என்று இரண்டே திசையில் ஓட்டியவர் என்பதால் இதை அவர் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு வழிவிட்டு நாற்காலியை மட்டும் நகர்த்திப் போட்டார்.

ஆனால் தேர்வில் எட்டுப் போட வேண்டும். எட்டில் ஒரு வட்டம் இடது, ஒரு வட்டம் வலது. இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. நானும் அக்காவும் மாஸ்டரிடம் போனோம்.

அவர் கேட்டுவிட்டு ஆச்சரியப்படவே இல்லை. "மேடம், இருபத்திரண்டு வருஷமா சொல்லித் தர்றேன். வலது பக்கம் நம்ம பாடத்துல இல்ல" என்றார்.

அப்படியானால் இவரிடம் படித்தவர்கள் எல்லாம் எப்படி லைசென்ஸ் வாங்கினார்கள் என்று கேட்டேன். வேறு எங்காவது போய்க் கற்றுக்கொண்டிருப்பார்கள், தான் விசாரித்ததில்லை என்றார். நீங்கள் எப்படி வீட்டுக்குப் போகிறீர்கள் என்றேன். வீடு இடது பக்கம்தான் இருக்கிறதாம். காலையில் வரும்போது என்றேன். கொஞ்ச நேரம் ஹெல்மெட்டின் தூசியைத் துடைத்தார். காலையில் மனைவி கொண்டுவந்து விடுகிறார் என்றார்.

கெஞ்சிக் கூத்தாடி ஓர் ஏற்பாடு செய்தோம். காலை மாணவர்கள் எல்லாரும் போன பிறகு, மதியம் இரண்டு மணிக்குமேல், தொட்டியை வலக்கைப் பக்கம் வைத்து அக்கா சுற்றலாம். மாஸ்டர் அதைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். அக்கா அரை நாள் விடுப்பாக எடுத்துப் பத்து நாள் சுற்றினாள். ஐந்தாம் நாளே வலது பக்கம் அருமையாக வந்துவிட்டது. ஆனால் அன்று மாலை வீடு திரும்பும்போது அவளால் இடது பக்கம் திரும்ப முடியவில்லை.

மறுநாள் காலை மறுபடி இடது வந்தது, வலது போயிற்று. மதியம் சாப்பிட்டு எழுந்தால் வலது வந்தது, இடது போயிற்று. அத்தான் கைக்கடிகாரமும் நோட்டுமாக மொட்டை மாடியில் அவளை நடக்கவிட்டு, கால் மணிக்கு ஒரு முறை குறித்துக்கொண்டார். இரண்டாம் நாள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வந்து, சரியாகப் பன்னிரண்டு மணிக்குத்தான் மாறுகிறது என்றார். அக்கா சோர்ந்துபோவாள் என்று நினைத்தேன். அவளோ தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அப்படியானால் எட்டின் நடுப்பகுதியைப் பன்னிரண்டு மணிக்குத் தாண்டினால் போதுமே என்றாள். கோணல் பல்லைக் கண்டால் அவள் குரல் அப்படித்தான் இருக்கும்.

லைசென்ஸ் அலுவலகத்துக்கு அவளே போனாள். பன்னிரண்டு மணிக்குத் தேர்வு வேண்டும் என்று விண்ணப்பம் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில், 'காலையில் இடது, மதியம் வலது' என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள். குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இரண்டு முறை படித்தார். எந்த வட்டம் முதலில் என்பதைக் குறிப்பிடவில்லையே என்று திருப்பிக் கொடுத்தார். அக்கா 'இடது' என்று சேர்த்து எழுதினாள். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

பயிற்சிக்குத்தான் நேரம் போதவில்லை. எங்கள் கட்டடத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் சுண்ணாம்பால் எட்டு வரைந்தோம். ஒரு நாளைக்கு ஒரு முறைதான் போட முடிந்தது. நள்ளிரவில் இன்னொரு பன்னிரண்டு இருக்கிறதே என்று அத்தான் யோசனை சொன்னார். அந்தப் பன்னிரண்டு எப்படிப்பட்டது என்று தனக்குத் தெரியாது, புதிதாக எதையாவது கிளப்பிவிட வேண்டாம் என்று அக்கா மறுத்துவிட்டாள். ஆறு நாளில் ஆறு எட்டு. நான்கு நன்றாக வந்தன. ஒன்றில் அத்தானின் கடிகாரம் இருபது விநாடி பிந்திப்போய், அக்கா நேராகப் போய் மாடிப்படியின் கீழ் நின்றாள். இன்னொன்று மழை.

தேர்வன்று நாங்கள் மூன்று பேரும் பதினொரு மணிக்கே போய்விட்டோம். மைதானத்தில் இரட்டை வெள்ளைக் கோட்டில் பெரிய எட்டு. நடுவில் விசிலும் அட்டையுமாக ஒல்லியான இன்ஸ்பெக்டர். அக்காவுக்கு முன்னால் எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் முதல் வளைவிலேயே காலை ஊன்றிவிட, வரிசை கிடுகிடுவென்று கரைந்தது. பதினொன்று நாற்பத்தாறுக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

இன்னும் நேரம் ஆகவில்லை என்று அக்கா விண்ணப்பத்தைக் காட்டினாள். இப்போது போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் வாருங்கள் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அத்தான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பதினான்கு நிமிடம் என்று விரலால் காட்டினார். அக்கா வண்டியைக் கிளப்பி இடது வட்டத்தில் நுழைந்தாள்.

நுழைந்தவள் வெளியே வரவில்லை. பன்னிரண்டு ஆகும்வரை அங்கேயே சுற்றுவது என்று முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஐந்தாவது சுற்றில் இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தினார். ஒன்பதாவதில் அவர் தலையும் கூடவே சுற்ற ஆரம்பித்தது. பதினொன்றாவதில் பொறுமை போய், வலது வட்டத்துக்குள் நடந்து வந்து, அவள் பக்கத்தில் வரும்போது கேட்டார்.

"அம்மா, இந்தப் பக்கமும் ஒரு வட்டம் இருக்கு, தெரியுமில்ல?"

பெரியவர்கள் கேட்டால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்ந்தவள் அவள். முகத்தை அவர் பக்கம் திருப்பினாள். வண்டியும் திரும்பியது.

இன்ஸ்பெக்டர் ஓடினார். பக்கவாட்டில் ஒதுங்கியிருந்தால் தப்பித்திருப்பார். இத்தனை வருடமாக அந்தக் கோட்டை யாரும் தாண்டக் கூடாது என்று காவல் காத்தவருக்கு, தானே அதைத் தாண்டலாம் என்று தோன்றவில்லை. கோட்டுக்குள்ளேயே, வளைவு வளைவாக, அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். அக்கா, திரும்பித் திரும்பிப் பார்த்த அவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே பின்னால் போனாள்.

"தெரியும் சார். பன்னெண்டு ஆனாத்தான் அது எனக்கு வரும். அதான் காத்துட்டிருந்தேன்."

தண்ணீர்த் தொட்டி, மாஸ்டர், மதிய நேரம் என்று எல்லாவற்றையும் அவள் நிதானமாகச் சொல்லி முடிக்கவும் வட்டம் முடியவும் சரியாக இருந்தது. எட்டின் நடுவில் அவர் தடுக்கி விழுந்தார். அவள் பிரேக் போட்டு, அவர் செருப்புக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தி, அதன் பிறகே காலை ஊன்றினாள்.

"மணி பதினொன்னு அம்பத்திரண்டு" என்றார் அத்தான், எல்லாம் போயிற்று என்ற குரலில்.

இன்ஸ்பெக்டர் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, கோட்டை ஒரு சுற்று நடந்து பார்த்தார். எங்கேயும் டயர் பட்ட தடம் இல்லை. யாரோ தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். முழுவதும் குடித்தார்.

"கால் ஊனல. கோட்டத் தொடல. எட்டு எட்டுதான்" என்று சொல்லிவிட்டு, தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

லைசென்ஸ் அட்டை தபாலில் வரப் பத்து நாள் ஆகும் என்பதால் திரும்பும்போது நான் ஓட்டினேன். அத்தான் பேருந்தில் வந்தார். அக்கா பின்பக்கம் திரும்பி மைதானம் இருந்த திசையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாஸ் ஆனதில் சந்தோஷமில்லையா என்று கேட்டேன்.

"அதில்லடா. அம்பது வயசு மனுஷன். பாவம், மூச்சு வாங்கினதைப் பாத்தியா? இத்தனை வருஷத்துல என்னைப் பாத்து யாரும் ஓடினதே இல்ல" என்றாள்.

அதில் வருத்தம் எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று எனக்குப் பிடிபடவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.