ஹாரன் கேட்காத வரப்பு

ஷம்சியா பெடலை மிதிக்கவில்லை, உதைத்தாள்.

தடித்த டயருக்கு அடியில் சிப்பித் தூள் நறநறத்தது. இடப்பக்கம் இறால் வளர்க்கும் உப்புநீர்ப் பரப்பு. வலப்பக்கம் அலையாத்தி மரங்கள் அடர்ந்த கண்டல் காடு. நடுவே ஒற்றை வரப்பு. அதன் வளைவில் மீன் பெட்டி கட்டிய நீல ஸ்கூட்டர் ஒன்று ஊர்ந்து வந்தது. ஓட்டி வந்தவனின் இடது கை, கைப்பிடியில் தொங்கிய கறுப்பு ரப்பர் பந்தை நோக்கி நகர்ந்தது.

"இசக்கீ! தொடாதே! அதைத் தொடாதே!"

கத்தியது எட்டவில்லை. காற்று எதிர்க்காற்று. சைக்கிளை அப்படியே புல்லில் சாய்த்துவிட்டு ஓடினாள். அவன் கை பந்தைப் பிடித்தது. விரல்கள் மடங்கின. அவள் பாய்ந்து, ஹாரனின் குழல் வாய்க்குள் தன் தலைத்துணியின் நுனியைத் திணித்தாள்.

'புஸ்.'

அவ்வளவுதான் வந்தது.

"யக்கா, என்ன செய்தீய?" இசக்கிராஜா திகைத்துப் போனான். "பாம்பு ஏதும் இருக்கா?"

"பாம்பா இருந்தா நான் ஏண்டா ஓடி வர்றேன்? உன்கிட்ட நேத்து என்ன சொன்னேன்? ஞாயித்துக்கிழமை லேட்டா வா, லேட்டா வான்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!"

"லேட்டா வரலாம்னுதான் இருந்தேன். சர்ச்சுல அச்சன் பிரசங்கத்தைச் சுருக்கிட்டாரு. பூசை முடிஞ்சி எல்லாரும் வீட்டுக்கு வந்தாச்சி. இனி நான் லேட்டா போனா சாளை மீனு என்ன, சாமியாரா, காத்துக்கிட்டு கெடக்க?"

ஷம்சியா திரும்பிப் பார்த்தாள். தூரத்தில், சவுக்குத் தோப்பின் நிழலில், ஒரு பருத்த உருவம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. கேட்கவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான்.

அந்த உருவத்தின் பெயர் தங்கதுரை. திருப்பூணித்துறைக்காரர். இன்றைக்கு அவளுடைய ஒரே விருந்தாளி. அவள் கடையின் தலைவிதியும் அவர்தான்.

கொச்சி மட்டாஞ்சேரியில் அவளும் புருஷன் ஷாஃபியும் வாடகை சைக்கிள் கடை நடத்துகிறார்கள். கல்லிலும் மணலிலும் ஓடுகிற தடித்த டயர் சைக்கிள்களை ஆசைப்பட்டு வாங்கிப் போட்டவள் அவள். வெளிநாட்டுக்காரர்கள் சீசனுக்கு வருவார்கள், மழைக்கு முன்னால் பறந்துவிடுவார்கள். ஷாஃபி தீர்மானமாகச் சொல்லிவிட்டான். "வாரா வாரம் வர்ற கூட்டம் ஒண்ணு கிடைக்கணும். இல்லேன்னா இந்தச் சீசனோட சைக்கிளை வித்துட்டு, சுக்கும் மிளகும் பாக்கெட் போட்டு விப்போம். பக்கத்துக் கடைக்காரன் எல்லாம் அதைத்தானே செய்யறான்?"

அப்போதுதான் தங்கதுரை வந்தார். கடை வாசலில் நின்று, சாயாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொன்னார்:

"எங்க கூட்டம் பெரிசு மோளே. ஞாயிறுதோறும் முறை போட்டு வருவாங்க. முதல்ல நான் ஒருக்கா ஓட்டிப் பார்க்கணும். ஒரே ஒரு கண்டிஷன். ஜங்கார்ப் படகு இறங்கினதுல இருந்து திரும்பி ஏறுற வரைக்கும் ஹாரன் சத்தம் காதுல விழப்படாது. ஒண்ணே ஒண்ணு விழுந்தாலும் எங்க ஆளுங்க வர மாட்டாங்க, கேட்டியா?"

"என்ன கூட்டம் சார்? டாக்டருங்களா? ஐ.டி. கம்பெனியா?"

"அதெல்லாம் அப்புறம்."

மர்மமான மனிதர். ஆனால் வாரா வாரம் கூட்டம்!

"ஹாரனைக் கழட்டிக் குடு," என்றாள் ஷம்சியா இசக்கியிடம்.

"யக்கா, ஹாரன் இல்லாம மீன்காரனா? கல்யாண வீட்டுக்குப் பந்தி இல்லாம கூப்பிட்ட மாதிரி."

"நாங்க தாண்டிப் போனதும் வாங்கிக்க. அதுவரை மதகு ஓரமா நில்லு. மூச்சு விடாதே."

திருகாணியைத் தளர்த்தி அவன் தந்த ஹாரனை, சைக்கிள் கைப்பிடியில் கட்டியிருந்த பையில் போட்டுக்கொண்டு அவள் பறந்தாள்.

தங்கதுரை தோப்பில் மல்லாந்து கிடந்தார். "என்ன மோளே, வழியில ஏதும் பிரச்சினையா?"

"சும்மா, ஒரு தடங்கலைப் பார்த்துட்டு வந்தேன் சார். எடுத்தாச்சு. போலாமா?"

போனார்கள்.

உண்மையில் அந்தக் காலை, அதுவரை ஒரு குறையும் வைக்கவில்லை. ஜங்காரில் காயலைக் கடந்து வைப்பின் தீவில் இறங்கியதும், பிரதான சாலையைப் பார்க்காமலே அவள் அவரைச் சந்துக்குள் கொண்டுபோனாள். அங்கிருந்து கடலோர மணல் தடம். அப்புறம் புதுவைப்பின் கண்டல் காடு. கிளைகள் தலைக்கு மேல் பின்னிக்கொண்ட இடத்தில் வெளிச்சம் பச்சையாக இருந்தது. சேற்றில் சிவப்புக் கால் நண்டுகள் டயர் சத்தம் கேட்டதும் ஒரே நேரத்தில் வளைக்குள் போயின. கிழக்கே வல்லார்பாடம் துறைமுகக் கிரேன்கள் பெரிய கொக்குகளைப் போலச் சத்தமில்லாமல் குனிந்து நிமிர்ந்தன. மனசு லேசாகி அவளே மெல்லப் பாடத் தொடங்கியிருந்தாள்.

விருந்தாளிதான் விசித்திரம்.

அவர் அவளைப் பின்தொடர மாட்டார். வரப்பு கொஞ்சம் அகன்றால் போதும், சர்ரென்று முந்துவார். முந்திய பிறகு நிம்மதியாக மெதுவாகப் போவார். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது உள்ளங்கை கைப்பிடியின் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், பட்டென்று ஒரு தட்டு தட்டும். நின்றால் உடனே மணி பார்ப்பார். பார்த்துவிட்டு, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளுவார்.

"கை வலிக்குதா சார்?"

"இல்ல மோளே. பழக்கம்."

சொல்லிவிட்டு அவர் பெடலை மிதித்தார்.

மதகை நெருங்கினார்கள். இசக்கிராஜா சொன்ன சொல் தவறாமல் ஓரமாகத்தான் நின்றிருந்தான். ஆனால் தனியாக இல்லை.

வரப்பை அடைத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். பூசைக்குப் போன நல்ல சேலை மாற்றாமல், கையில் பாத்திரத்தோடு. காலடியில் பூனைகள். தான் செய்த தப்பு அப்போதுதான் ஷம்சியாவுக்கு உறைத்தது. இசக்கியின் ஹாரன் கேட்டிருந்தால் ஒவ்வொரு வீட்டுக்காரியும் தன் தன் படியிலேயே நின்று மீன் வாங்கியிருப்பாள். கேட்காததால் மொத்த ஊரும் அவனைத் தேடிக் கிளம்பிவிட்டது!

"எடா இசக்கீ, நீ செத்துப் போயோன்னு நெனச்சேன்!" முன்னால் நின்ற பிலோமினா சேச்சியின் குரல் காயல் தாண்டிக் கேட்டிருக்கும். "பூனை கூட வாசல்ல இருந்து கத்துது. நீ இவிடெ ஒளிச்சு நிக்கறே!"

"ஒளியல சேச்சி. சூழ்நிலை."

"சூழ்நிலையா? அயிலை பழசா?"

"அய்யய்யோ! செவுளைப் பாரு சேச்சி, செம்பருத்தி மாதிரி இருக்கு!"

"சேச்சிமாரே, கொஞ்சம் வழி," என்றாள் ஷம்சியா. யாரும் திரும்பவில்லை. அயிலையின் செவுள் விவாதத்தில் இருந்தது. "சேச்சி! சைக்கிள் போகட்டும்!" ஒருத்தி திரும்பிப் பார்த்து, அன்பாகச் சிரித்துவிட்டு, மறுபடி பெட்டிக்குள் குனிந்தாள்.

பக்கத்தில் வந்து நின்ற தங்கதுரை மணி பார்த்தார். கால் மாற்றி ஊன்றினார். மறுபடி மணி பார்த்தார். அவருடைய உள்ளங்கை கைப்பிடியின் நடுவைத் தட்டியது. ஒன்று. இரண்டு. கழுத்து நரம்பு புடைத்தது. அவருடைய கண், அவளுடைய பை மேல் விழுந்தது.

கறுப்பு ரப்பர் பந்து வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"சார், அது..."

முடிக்கவில்லை. அவர் கை பாய்ந்தது.

பாஆஆம்! பபாம்! பபாம்! பாஆஆஆம்!

சாதாரணச் சத்தமா அது! நீட்டிய நீட்டலும் வெட்டிய வெட்டும்... கொச்சியில் தெருவில் இறங்கிய எவருக்கும் எலும்புக்குள் தெரிந்த தாளம். பெண்கள் அத்தனை பேரும் ஒரே துள்ளலில் வரப்பின் ஓரத்துக்குப் பாய்ந்தார்கள். பிலோமினா சேச்சி சிலுவை போட்டுக்கொண்டாள். கண்டல் காட்டிலிருந்து கொக்குகள் வெள்ளை வெள்ளையாகக் கிளம்பின. இன்னும் இரண்டு பூனைகள் எங்கிருந்தோ ஓடி வந்தன.

வழி திறந்து கிடந்தது.

போச்சு, என்று நினைத்தாள் ஷம்சியா. ஹாரன் கேட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகள் போச்சு. சுக்கு, மிளகு, பாக்கெட்.

"சார்," என்றாள். "ஹாரனைப் பைக்குள்ள வெச்சது என் தப்பு. கண்டிஷன் கண்டிஷன்தான். நான் உங்களைக் கொண்டுபோய் ஜங்கார்ல விட்டுர்றேன்."

தங்கதுரை தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாருடைய கையோ என்பது போல. அப்புறம் தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து சைக்கிளே ஆடியது.

"எங்கே போறது? அடிச்சது நான். உன் வழியில காக்கா கூட ஹாரன் அடிக்கல மோளே. இவ்வளவு தூரம் இந்தக் கையைக் கட்டிப் போட்டு வெச்சது இந்த வழிதான். அது போதும். வர்ற ஞாயிறு முதல் கூட்டம் வரும். சைக்கிளைத் துடைச்சு வை." ரப்பர் பந்தை இசக்கியிடம் பத்திரமாக நீட்டினார். "ஆனா இந்தச் சாதனத்தை எங்க ஆளுங்க கண்ணுல மட்டும் காட்டிராதே. ஒருத்தன் அடிச்சா எல்லாரும் அடிப்பாங்க."

ஷம்சியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "இப்பவாவது சொல்லுங்க அண்ணே. யாரு உங்க ஆளுங்க?"

அவர் கூச்சத்தோடு பெண்களைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தூக்கத்துல கூட கை ஹாரன் அமுக்குதுன்னு என் பொண்டாட்டி தனியா படுக்கறா. எங்க ஆளுங்க எல்லார் வீட்டுலயும் இதே கதைதான். வாரத்துல ஒரு காலையாவது சத்தமில்லாம ஓட்டிப் பழகலாம்னு முடிவு பண்ணினோம்... கலூர் ஸ்டாண்டு பிரைவேட் பஸ் டிரைவர்மார்."