உப்புத் தூவாத வீதி

அப்பா எந்தக் கடிதத்தையும் இரண்டு தரம் எழுதுவார். முதலில் பழைய தந்திப் படிவங்களின் பின்புறத்தில் பென்சிலால் எழுதுவார். பிறகு அதை என்னிடம் தருவார். நான் நல்ல தாளில் பேனையால் எழுதிக் கொடுப்பேன். அவர் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். கடிதம் துப்பரவாக இருந்தால்தான் பதில் வரும் என்பது அவருடைய நம்பிக்கை. அதனால் என் கையெழுத்து வேலணையில் பல கோப்புகளில் இருக்கிறது. என் குரலைக் கேட்டவர்கள் குறைவு.

அந்த ஆனி மாதம் அவர் வாடகைக் கார்ச் சங்கத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதினார். "சாரதி வின்சன்ற் மதுபோதையில் வாகனத்தைச் செலுத்தியமையால்" என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த இடத்தில் என் பேனை நின்றது. அம்மா உள்ளறையில் மணிக்கட்டில் மாக்கட்டோடு படுத்திருந்தாள். அப்பா எனக்குப் பின்னால் நின்றார். நான் எழுதி முடித்தேன்.

நடந்தது இதுதான். நயினாதீவுத் தேருக்கு நாங்கள் மூவரும் வின்சன்ற் அண்ணையின் காரில் குறிகட்டுவான் துறைக்குப் போனோம். கடலுக்குக் குறுக்கே போட்ட புங்குடுதீவுத் தாம்போதியைத் தாண்டும்போது சோழகக் காற்று கடல் நீரை அள்ளி வீதியில் எறிந்துகொண்டிருந்தது. துறையடியில் சனக்கூட்டம். அப்பா முன் ஆசனத்தில் இருந்தார். நான் அவருக்குப் பின்னால் இருந்தேன். ஆசனங்களின் இடைவெளியால் வின்சன்ற் அண்ணையின் கால் எனக்குத் தெரிந்தது. அவர் பிறேக்கை மிதித்தார். அது தட்டோடு போய் ஒட்டியது. இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் மிதித்தார். பிறகு கைப்பிறேக்கை இழுத்து, சுக்கானைத் திருப்பி, வீதியோரம் அடுக்கியிருந்த பனைமரக் குற்றிகளில் காரை மோதினார். முன்னால் நின்ற சனத்தில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அம்மாவின் கை மட்டும் முறிந்தது.

காருக்குள் ஒரு மணம் எழும்பியது. இனிப்பும் காரமும் கலந்த ஸ்பிரிற்று மணம். நேரான வீதியில் மரக்குற்றியில் போய் மோதிய சாரதியையும் அந்த மணத்தையும் அப்பா ஒன்றாகக் கூட்டினார். சாராயம் என்றார். சுற்றி நின்றவர்களும் ஓம் என்றார்கள். கால் மூன்று தரம் மிதித்ததை நான் சொல்லவில்லை. சொல்ல வாய் எடுக்கும்போதெல்லாம் வேறு யாராவது கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

சங்கம் வின்சன்ற் அண்ணையைச் சந்தியில் கார் நிறுத்தக்கூடாது என்று தள்ளி வைத்தது. பிறேக் குழாய் உடைந்திருந்ததை அவர் காட்டினார். மோதியதில் உடைந்திருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஆவணி முதல் ஞாயிறு கூடி அவருடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுப்பதா என்று முடிவெடுப்பதாக இருந்தது.

அதற்கு ஐந்து நாள் முன்னால் என் அண்ணாவின் கடிதம் வந்தது. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பை விட்டுப் போனவர், மூன்றாவது வருடமாக மொன்றியலில் ஒரு கடையில் வேலை செய்கிறார். விபத்தைப் பற்றி நான் எழுதியபோது காரின் பெயரையும் எழுதியிருந்தேன். ஹரூனோ 1200. தீவுப்பகுதியில் அந்த இனத்தில் நான்கு கார்கள் ஓடின.

அண்ணாவின் முதலாளியிடமும் அதே கார் இருக்கிறதாம். போன குளிர்காலத்தில் கொம்பனி அதைத் திருப்பிக் கூப்பிட்டுப் பிறேக் குழாயை இலவசமாக மாற்றிக் கொடுத்ததாம். கொம்பனியின் அறிவித்தலைப் படியெடுத்துக் கடிதத்தோடு வைத்திருந்தார். குளிர்காலத்தில் பனிக்கட்டி கரைவதற்காக அங்கே வீதிகளில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு நீர் காரின் அடியில் தெறித்து, பின் அச்சுக்கு மேலே வளைந்து போகும் குழாயை அரிக்கிறது. குழாய் உடைந்தால் நான்கு சில்லுக்கும் பிறேக் இல்லை. கடைசி வரி இப்படி இருந்தது: இந்த ஏற்பாடு வீதிகளில் உப்புத் தூவப்படும் மாகாணங்களில் பதிவான வாகனங்களுக்கு மட்டும்.

நான் அதை மூன்று தரம் வாசித்தேன். எங்கள் வீதிகளில் யாரும் உப்புத் தூவுவதில்லைத்தான்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் அல்லைப்பிட்டிக்குப் போனேன். வின்சன்ற் அண்ணை முற்றத்தில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக எங்கும் போகாத கார். மல்லாந்து படுத்து, அடியில் தலையை விட்டு, வாளித் தண்ணீரை அடித்து அடித்துத் துடைத்தார். நான் வந்ததைக் கண்டு அவருடைய மனைவி ஞானசவுந்தரி அக்கா கதிரை எடுத்து வைத்தாள். முறைப்பாடு எழுதிய வீட்டுப் பிள்ளை என்று முகத்தில் காட்டவில்லை.

"பிள்ளையள் குளிச்சாலும் குளியாட்டிலும் கார் குளிக்கும்" என்றாள்.

"வள்ளம் வைச்சிருந்த பழக்கம், ரீச்சர்" என்றார் அவர், வெளியே வந்து. "உழைச்சாலும் உழையாட்டிலும் அடி கழுவிப்போட்டுத்தான் வீட்டுக்குள்ளை வாறது."

கடலில் இறங்கக்கூடாது என்று கடற்படையின் தடை வந்தபோது வள்ளத்தையும் வலைகளையும் விற்று அவர் அந்தக் காரை வாங்கினார். அது ஊருக்குத் தெரியும். தினமும் அடியைக் கழுவியது எனக்கு அன்றுதான் தெரியும்.

உடைந்த குழாயைக் கேட்டேன். பால்மாத் தகரப் பேணி ஒன்றுக்குள் இருந்து எடுத்துத் தந்தார். உடைந்த வாய் நெளிந்திருக்கவில்லை. வெளிப்புறம் முழுவதும் செதில் செதிலாக உரிந்து, சுவர் கடதாசிபோல மெலிந்திருந்தது. மோதி உடைந்த உலோகம் அப்படி இருக்காது. அவர் காரைக் கழுவும் கிணற்றில் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்தேன். மிச்சமிருந்த பிறேக் எண்ணெயிலும் ஒரு சின்னப் போத்தலில் கேட்டு வாங்கினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

நான் தொண்டர் ஆசிரியை. இரசாயனம் படிப்பிக்கிறேன். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் மண்ணிறப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் வெள்ளி நைத்திரேற்று இருந்தது. விலை கூடியது என்பதால் வருடத்தில் ஒரு முறைதான் திறப்போம். உப்புள்ள தண்ணீரில் அது வெள்ளையாகத் திரளும். எங்கள் வீட்டு நல்ல தண்ணீரில் இரண்டு துளி விட்டேன். மெல்லிய மங்கல். அல்லைப்பிட்டித் தண்ணீரில் விட்டேன். தயிர்போல வெள்ளை திரண்டது. குழாயின் துருவைக் காய்ச்சி வடித்த நீரில் ஊற வைத்து வடித்து, அதிலும் விட்டேன். அதே வெள்ளை.

குளிக்க, தோய்க்க, பாத்திரம் கழுவ, எல்லாவற்றுக்கும் கரையோரத்தில் அந்தத் தண்ணீர்தான். குடிக்க மட்டும் நல்ல கிணற்றுக்குக் குடத்தோடு போவார்கள். நாளும் பாவிப்பவர்களுக்கு அது உப்பாகத் தெரிவதில்லை. மரவள்ளத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

மோதுவதற்கு முதலே குழாய் அரிபட்டு உக்கியிருந்தது என்று காட்டினால் அவர் குடிக்கவில்லை என்று ஆகும். ஆனால் ஏன் உக்கியது என்று கேட்டால், தாம்போதியில் தெறித்த கடலோடு அவருடைய வாளியையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். ஊரில் தன் காரை மிகவும் கவனித்த மனிதர் அவர். இரண்டு நாள் யோசித்தேன். வெள்ளிக்கிழமை திரும்பவும் போனேன்.

அறிவித்தலைத் தமிழில் சொன்னேன். தண்ணீரைப் பற்றியும் சொன்னேன். அவர் பேணியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் கழுவக் கழுவத்தான் அது உக்கினதோ?"

"ஓம்."

ஞானசவுந்தரி அக்கா குசினி வாசலில் நின்றவள் உள்ளே போய்விட்டாள். அவர் கேட்டது வேறு.

"ஆழ்வாப்பிள்ளை அண்ணையும் இந்தக் கார்தானே."

அவர் கழுவுவதில்லையே என்றேன். சங்கத் தலைவரான அவருடைய காரில் மண்ணைச் சுரண்டி மிளகாய்க் கன்று நடலாம் என்று ஊரில் பகிடி உண்டு.

"கழுவாட்டில் என்ன, தாம்போதித் தண்ணி அடியிலை அடிக்குந்தானே. மற்ற ரெண்டு காரையும் கழுவுறவங்கள்." அவர் என்னைப் பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமை வந்து இதைச் சொல்லுவீரோ?"

எனக்குக் கூட்டத்தில் கதைக்க ஏலாது என்றேன். அது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். எழுதித் தரச் சொன்னார், தான் வாசிப்பதாக. கழுவின கதையை விட்டுவிட்டு எழுதலாம், தாம்போதித் தண்ணீர் ஒன்றே போதும் என்றேன்.

"விட்டால் மற்றவன் கழுவுவான்" என்றார்.

ஞாயிறு காலை சந்தியில் சைக்கிள் கடைக்குப் பின்னால் எட்டுப் பேர் கூடினார்கள். அப்பா குடையோடு முன்வாங்கில் இருந்தார். நான் வந்ததைக் கண்டு புருவம் சுருக்கினார். நான் கடைச் சுவரோடு நின்றேன். வின்சன்ற் அண்ணை என் தாளை எழுத்துக் கூட்டி வாசித்தார். "நான் நாளாந்தம் உவர் நீரால் கழுவியமையும் இதற்குக் காரணமாகும்" என்ற இடத்தில் அவருடைய குரல் இறங்கவில்லை.

"அப்ப கழுவாதவன்தான் கெட்டிக்காரன்" என்றார் யாரோ. சிரித்தார்கள். ஆழ்வாப்பிள்ளை அண்ணையும் சிரித்தபடி தாளை வாங்கினார். பிறகு கோப்பைத் திறந்து அப்பாவின் முறைப்பாட்டை அதன் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் ஒரே கை" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பினார். "பிள்ளை, இதிலை எதை நாங்கள் நம்பிறது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா பார்க்கவில்லை.

"அது அப்பா எழுதினதைப் பார்த்து எழுதினது" என்றேன். "இது நான் கண்டது. அவர் மூண்டு தரம் மிதிச்சவர். பிறேக் இல்லை."

அதற்கு மேல் எனக்கு வரவில்லை. தேவையும் இருக்கவில்லை. ஆழ்வாப்பிள்ளை அண்ணை தன் காரை ஜாக்கில் உயர்த்தச் சொல்லி, தானே கீழே படுத்தார். பின் அச்சுக்கு மேலே மண்ணைத் திருப்புளி முனையால் சுரண்டினார். ஒரு செதில் கழன்று அவருடைய சட்டையில் விழுந்தது. அந்த இடத்தில் எண்ணெய் ஒரு துளியாகக் கோத்து நின்றது. வெளியே வந்தவர் எழும்பாமல் நிலத்திலேயே இருந்தார்.

"நாளைக்கு இதிலை ஒரு மாப்பிள்ளை வீட்டாரை ஏத்திறதா இருந்தனான்" என்றார்.

நான்கு ஹரூனோக்களும் குழாய் மாற்றும்வரை ஓடுவதில்லை என்று தீர்மானித்தார்கள். இனி வாரம் ஒரு தரம் நல்ல தண்ணீரில் இரண்டு வாளி அடித்து அடியைக் கழுவுவது என்றும் தீர்மானித்தார்கள். குடிக்கிற தண்ணீரைக் காருக்கு ஊற்றுவதா என்று பின்னர் வீடுகளில் அதற்குச் சண்டை வந்தது. வின்சன்ற் அண்ணையின் விஷயத்தில் மட்டும் ஆழ்வாப்பிள்ளை அண்ணை தயங்கினார். குழாய் உக்கினது உண்மை, ஆனால் குடித்திருந்தார் என்ற வரி கோப்பில் இருக்கிறது, அதை எழுதியவர்தான் எடுக்கவேண்டும் என்றார். அப்பா குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்து அவர் குடையை மடித்து மூலையில் சாத்தினார். பின்னேரம் மேசையில் இருந்தபோது அந்தச் சின்னப் போத்தலைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"என்ன இது?"

"பிறேக் எண்ணெய். குழாய் உடைஞ்சால் வாறது."

மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். மூடினார். திரும்பத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் மணந்தார். அம்மா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"குடியாத மனிசனுக்கு எல்லா மணமும் சாராயம்தான்" என்றாள்.

அப்பா தந்திப் படிவத்தை எடுக்கவில்லை. பென்சிலையும் எடுக்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து நல்ல தாள் ஒன்றை எடுத்தார். என் பேனையை வாங்கி, நேரே எழுதத் தொடங்கினார். வரிகள் வலப்பக்கம் சரிந்தன. ஓர் இடத்தில் மை கொட்டியது. நான் நல்லாக எழுதித் தரட்டுமா என்று கேட்கவில்லை. எழுதி முடித்ததும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தானே சந்திக்குப் போனார். அடுத்த திங்கட்கிழமை, புதுக் குழாய் போட்ட வின்சன்ற் அண்ணையின் கார் வரிசையில் மூன்றாவதாக நின்றது.

கொம்பனியின் கொழும்பு முகவருக்கும் அப்பா எழுதினார். அதை நான்தான் நல்ல தாளில் எழுதினேன். இந்த முறை முதலில் முழுவதையும் வாசித்தேன். பதில் கார்த்திகையில் வந்தது. அன்று, தேரன்று தவறிய நேர்த்திக்கடனை முடிக்க அம்மா நயினாதீவுக்குப் புறப்பட்டிருந்தாள். வின்சன்ற் அண்ணையின் கார்தான். வழியில் தபாற்கந்தோரில் இறங்கி எடுத்த கடிதத்தை அப்பா முன் ஆசனத்தில் பிரித்தார்.

"என்னவாம், ஐயா?" என்றார் வின்சன்ற் அண்ணை.

அப்பா கடிதத்தைத் திருப்பியும் பார்த்தார். துப்பரவாகத் தட்டச்சு செய்த கடிதம். "எங்கடை நாடு பட்டியலிலை இல்லையாம். பனி விழுந்தால் யோசிப்பினம் போலை."

வின்சன்ற் அண்ணை சிரித்தார். தாம்போதி தொடங்கும் இடத்தில் காரை ஓரமாக நிறுத்தினார். அந்த நாட்களில் நான்கு ஹரூனோச் சாரதிகளும் அந்த இடத்தில் அப்படித்தான் செய்தார்கள். அவர் பிறேக்கை மூன்று தரம் மிதித்தார். முன் ஆசனத்தில் அப்பா குனிந்து அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கு, ஐயா."

"சரி, காரை எடும்" என்றார் அப்பா.