பிழைப்பெயர்கள்

மல்லிக் சார் இறால் தலையை உறிஞ்சிக்கொண்டேதான் அதைச் சொன்னார். அவர் எங்கள் பல்கலைக்கழகத் துறையின் தலைவர். துறையில் மதியச் சாப்பாடு. தேங்காய்ப்பால் விட்ட இறால் குழம்பு அவர் மோவாயில் மஞ்சளாக வழிந்தது. ரூப்சா ஆற்றின் கிளைக்கால்வாயில் கிடைத்த சிற்றிறால் புதிய இனம், அதற்கு என் மனைவி காகொலியின் பெயரை வைக்கப் போவதாகச் சொன்னார். மேசையைச் சுற்றி எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் கண் கலங்குவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் தட்டைத் தள்ளிவைத்தேன்.

காகொலி இறந்து நான்கு மாதம். டெங்கு. அந்தக் கால்வாயில் இடுப்பளவு சேற்றில் நின்று வலை போட்டவள் அவள்தான். நான் ஆய்வுக்கூடத்தில் பூதக்கண்ணாடிக்குக் கீழே இறாலின் நெற்றிக் கொம்பைப் பார்க்கிறவன். கொம்பின் மேலும் கீழும் எத்தனை பற்கள் என்பதை வைத்துத்தான் இனத்தைப் பிரிப்போம். அவள் பிடித்துவந்து புட்டியில் பதப்படுத்திவைத்த பதினொரு இறால்களுக்கும் ஏற்கெனவே தெரிந்த ஆற்று இறாலின் பற்கள்தான் இருந்தன. கொடுக்கு மட்டும் வேறு. ஆற்று இறாலுக்கு நீண்ட, கருநீல, முள் நிறைந்த கொடுக்கு. இவற்றுக்குக் குட்டையான, வழவழப்பான, ஆரஞ்சு நிறக் கொடுக்கு.

பற்களைப் பற்றி சாரிடம் சொன்னேன். "பல்லை விடுப்பா, கொடுக்கைப் பாரு" என்றார். அவர் பெயரோடு என் பெயரும் சேர்ந்து கட்டுரை பத்திரிகைக்குப் போனது. பாகெர்ஹாட்டில் இருக்கும் மாமியாருக்கும் அவரே போன் செய்து சொல்லிவிட்டார். வெளிநாட்டுப் புத்தகத்தில் தன் மகள் பெயர் வரப்போகிறது என்று மாமியார் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலை, தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹாரூன் பாய் என்னைக் கூப்பிட்டார்.

"பிரபீர்தா, உங்க புது ஜாதி சட்டையக் கழட்டிப் போட்டுட்டு பழைய ஜாதி ஆயிட்டுது. வந்து பாருங்க."

அந்தத் தொட்டியில் ஒரு பெரிய ஆற்று இறாலும், பிறகு அதே கால்வாயில் உயிரோடு பிடித்த ஐந்து ஆரஞ்சுக் கொடுக்குகளும் இருந்தன. பெரியது செத்துப்போயிருந்தது. மற்றவை அதைத் தின்று தீர்த்திருந்தன. தலை ஓடும் இரண்டு கண்களும் மிச்சம். நாற்றம் தொண்டையில் ஒட்டியது. பக்கத்தில் ஓர் ஆரஞ்சுக் கொடுக்கு உரித்துப்போட்ட சட்டை கிடந்தது. அதிலிருந்து வெளியே வந்தது, செத்ததைவிட நீளமான கருநீலக் கொடுக்குகளை ஆட்டிக்கொண்டு நின்றது.

"எங்க ஊர்ல எவனக் கேட்டாலும் சொல்லுவான்" என்றார் ஹாரூன் பாய். "மூத்தவன் இருக்கிற வரைக்கும் சின்னவன் அடங்கிக் கெடப்பான். நீங்கதான் எங்களக் கேக்க மாட்டீங்களே."

சட்டையையும் இறாலையும் படம் எடுத்தேன். மல்லிக் சார் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"தொட்டிக்குள்ள நடந்தத யாரு பாக்கப் போறா? கொட்டிடு."

வேறு யாராவது வளர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்றேன்.

"தெரியட்டுமே. அச்சுல வந்த பேரு எங்கயும் போயிடாது. உன் பொண்டாட்டிக்கு நான் செய்யிற மரியாதைப்பா இது. நீயே கெடுத்துக்காத."

அவர் சொன்னது உண்மை. எங்கள் தொழிலில் ஒருமுறை அச்சேறிய பெயரை யாரும் அழிப்பதில்லை. தவறு என்று தெரிந்தால் அதைச் சரியான பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் போடுவார்கள். நூறு வருடம் கழித்து இனம் பிரிக்க உட்காருகிறவனும் அந்தப் பிழைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆற்று இறாலுக்குக் கீழே இப்போதே சில பெயர்கள் அப்படிக் கிடக்கின்றன. யாரோ ஒருவன் அசட்டையாகப் பார்த்ததற்குச் சாட்சியாக. அங்கே காகொலி கிடப்பாள்.

அன்றே பத்திரிகைக்குப் படங்களை அனுப்பி, கட்டுரையிலிருந்து விலகுவதாக எழுதினேன். கட்டுரை திரும்பி வந்தது. சார் என்னை இறால்களிடமிருந்து விலக்கித் தண்ணீர்ப் பரிசோதனைக்கு மாற்றினார்.

மாமியார் போன் செய்தார்.

"எம் பொண்ணு பேரு வராதா பாபா?"

"வராதும்மா."

"யாரு வேணாம்னது?"

"நான்தான்."

வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என் போனை அவர் எடுப்பதில்லை.

பனிக்காலத்தில் அதே பதினொரு இறால்கள் வேறொரு பத்திரிகையில் புதிய இனமாக வந்தன. இந்த முறை துணைவேந்தரின் காலஞ்சென்ற தாயார் பெயரில். துறையில் எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு கொடுத்தார்கள். மல்லிக் சார் ஒன்றை என் வாயிலேயே ஊட்டினார். அவர் விரல் என் உதட்டில் பட்டது. வெளியே போய்த் துப்பினேன்.

மறுப்புக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். அந்த அம்மாளை நான் பார்த்ததில்லை. எனக்கு அவர் ஒரு கெடுதலும் செய்ததில்லை. சேற்றில் இறங்கியிருக்க மாட்டார், இறாலைக் குழம்பில் மட்டுமே அறிந்திருப்பார். அவருக்கும் ஒரு பிள்ளை இருக்கிறான். என்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆற்று இறாலின் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே, சிறிய எழுத்தில், அவர் பெயரை எழுதினேன்.