வடிகட்டிய சூப்

வேகவைத்த கோழியைச் சூடு ஆறும் முன்பே அவள் பிய்த்துக்கொண்டிருந்தாள். விரல் சுட்டது. அண்ணி மருந்துக்கடை வேலை முடிந்து வருவதற்குள் எல்லாம் ஆகிவிட வேண்டும்.

அறையிலிருந்து அண்ணன் குரல் குழறலாக வந்தது. "இன்னுமா ஆகல?"

"கொஞ்சம் பொறு. வாயைக் கட்ட முடியலையா உனக்கு?"

"கட்டித்தானே வெச்சிருக்கேன். சூப்பு குடிச்சுக் குடிச்சு எனக்கு நீச்சலே வந்துடுச்சு."

பக்கவாதம் வந்ததிலிருந்து அவனுக்கு விழுங்குவது சிரமம். வடிகட்டிய சூப்பைத் தவிர எதுவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அண்ணி அதை இம்மி பிசகாமல் காத்து வந்தாள். ஊர் ஊராக லாரி ஓட்டி, ருசி பார்த்துத் தின்ற மனுஷன். காலையில் அவன் கையைப் பிடித்துக் கெஞ்சியபோது தங்கைக்கு மனசு கேட்கவில்லை.

கெட்டித் தயிரில் மயோனைஸைக் கலந்து, எலுமிச்சை பிழிந்து, மிளகு தூவினாள். கோழியையும் வெள்ளரித் துண்டுகளையும் போட்டுப் புரட்டினாள். அப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. முக்கால்வாசியை மிக்ஸியில் போட்டு மையாக அரைத்தாள்.

அண்ணன் கிண்ணத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்னடி இது, சுவத்துல பூசவா? மெல்லுற மாதிரி ஏதாவது கொடு."

அரைக்காமல் வைத்திருந்ததைக் கொண்டுவந்து ஊட்டினாள். அவன் கண்ணை மூடி நிதானமாக மென்றான். ஒரு தடவை இருமினான். அவள் கை நின்றது.

"இன்னும்" என்றான்.

கொடுத்தாள். பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்தபோது அவன் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தூங்குகிறான் என்று நினைத்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

அண்ணி வந்து தொட்டுப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

டாக்டர் வந்து நாடி பார்த்தார், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். "கடைசியா என்ன சாப்பிட்டார்?"

நான்தான் கொன்றுவிட்டேன் என்று கத்திவிட்டால் நெஞ்சுப் பாரமாவது இறங்கும். தங்கை வாயைத் திறந்தாள்.

"சூப்பு" என்றாள் அண்ணி. "வடிகட்டினது."

டாக்டர் தலையாட்டிவிட்டுப் போனார்.

"அண்ணி, நான் வந்து..."

"தெரியும். அவர் வாயைத் தொடச்சது நான்தானே?"

இருவரும் கட்டிலில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி கோபத்தில் இருக்கிறாளா என்று இவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. திட்டினால்கூடத் தேவலை போலிருந்தது.

"நல்லா சாப்பிட்டாரா?"

"இன்னும் வேணும்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்."

அண்ணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து என்கிட்டதான் கேட்டார். கத்திட்டேன்."

வாசலில் ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. அண்ணி எழுந்தாள். கதவைத் திறக்கப் போகிறவள் ஒரு நிமிஷம் நின்று, இவள் சட்டைக் கையில் காய்ந்து ஒட்டியிருந்த தயிரை நகத்தால் சுரண்டிவிட்டுப் போனாள்.