எரிச்சல் நின்ற கால்

மதியச் சாப்பாட்டுக்கு வந்த பள்ளி வேன் டிரைவர் நடந்த இடமெல்லாம் தரையில் சிவப்புப் பொட்டு. துடைத்துக்கொண்டே பின்னால் வந்த மனைவி, அவரை நாற்காலியில் உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பினாள். கட்டைவிரலுக்குக் கீழே நகத்தளவு கண்ணாடிச் சில்லு. பிடுங்கிப் போட்டாள்.

"எங்க மிதிச்சீங்க?"

"வேன்லதான் இருக்கும். காலையில ஒரு வாண்டு பாட்டிலை உடைச்சுது. செருப்பைக் கழட்டிட்டுத்தானே ஓட்டுவேன்."

"காலையில குத்தினது இன்னுமா தெரியல?"

"கால் நல்லாத்தான்டி இருக்கு. முன்னெல்லாம் படுத்தா திகுதிகுன்னு எரியும். இப்ப எரிச்சலே இல்ல. சர்க்கரை இறங்கிடுச்சு. அதான் மாத்திரையைக் கூட விட்டுட்டேன்."

'எரிச்சல் தானா நின்னா சந்தோஷப்படாதீங்கக்கா' என்று, அவருக்கு மாத்திரை வாங்கப் போனபோது ஆஸ்பத்திரி நர்ஸ் அவளிடம் சொல்லியிருந்தாள். 'சர்க்கரை நரம்பை அரிச்சுத் தின்னு முடிச்சிருக்கும்.' வீட்டுக்கு வந்து சொன்னதற்கு, நர்ஸுக்கு வேறு வேலையில்லை என்று சிரித்தார்.

"கண்ணை மூடுங்க. எந்த விரலைத் தொடறேன்?"

"சுண்டு விரல்."

"இப்ப?"

"நடு விரல். பாஸா?"

"கண்ணைத் திறங்க."

அவள் கைகள் இரண்டும் அவள் மடியிலேயே இருந்தன.

"பிரேக்குல கால் இருக்குன்னு எப்படித் தெரியுது உங்களுக்கு?"

"அது பழக்கம். சந்தேகமா இருந்தா குனிஞ்சு பாத்துக்குவேன்."

"அப்ப ரோட்டை யார் பாப்பா? உங்க மாமனாரா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடம் விடுவதற்குள் வண்டியை எடுத்தாக வேண்டும். அத்தனை பிள்ளைகளும் வாசலில் வந்து நிற்கும்.

"போன் பண்ணிச் சொல்லிடலாங்க. வேற ஆளை அனுப்பட்டும்."

"சொன்னா அதுக்கப்புறம் வேன் பக்கமே விடமாட்டாங்க. எனக்கு ஸ்டியரிங்கைத் தவிர என்ன தெரியும்? வீட்டுல உக்காந்து சுவத்தையா பாத்துக்கிட்டு இருக்கட்டும்?" காலை அவள் மடியில் தூக்கி வைத்தார். "இன்னொரு தடவை பாரு. நிஜமாவே தொடு. மெதுவா வேணாம், நல்லா அழுத்து. சரியா சொல்லிட்டா வண்டியை எடுக்கறேன்."

கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவள் பெருவிரலைப் பிடித்து அழுத்தினாள். நகம் பதிய அழுத்தினாள். தோல் வெளுத்தது.

மூச்சைப் பிடித்துக் காத்திருந்தவர் கெஞ்சலாகச் சொன்னார்:

"ம்... ஆரம்பி."

பிடித்த விரலை விடாமல், மறு கையால் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள்.